நூற்றைம்பது மணி

அகராதி இதைக் குழிப்பேரி என்கிறது.
குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறவள்
குழி என்ற சொல்லை வீட்டுக்குள் எடுத்துவருவதில்லை.
பீச் என்றே கூப்பிடுகிறேன்.

ஓசூரிலிருந்து ஈரச்சாக்கு சுற்றி
பார்சல் லாரியில் வந்தது, இடுப்புயரம்.
கழுத்தில் ஓர் அட்டை:
குறைந்த குளிர் போதும் ரகம்.
ஏழு டிகிரிக்குக் கீழே
நூற்றைம்பது மணி நேரம்.

புதுவயலில் மார்கழி விடியலிலும்
பாதரசம் இருபதருகில்தான் உட்காரும்.
அவர்கள் குறைவு என்றது
எங்களிடம் ஒரு மணிகூட இல்லை.

இரண்டு வருஷம் இலையாகவே நின்றது.
சிமெண்டுச் சாக்கில் செம்மண்,
ரைஸ்மில் உமிச்சாம்பல், ஆட்டெரு.
அடியில் ஒன்பது ஓட்டை போட்டேன்,
தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டும் என்பதால்.
நடுத்தண்டை வெட்டிக் கிண்ணமாகத் திறந்துவிட்டேன்,
வெயில் வயிற்றுக்குள் விழட்டும் என்று.
எல்லாம் தின்றது. பூக்கவில்லை.
தூங்காத பிள்ளை எப்படி விழிக்கும்?

மூன்றாம் கார்த்திகை, மழை விட்டதும்
தண்ணீரை நிறுத்தினேன்.
இலைகளைக் கையால் உருவினேன், ஒவ்வொன்றாய்.
காம்படியில் குண்டூசித்தலை அளவு தேன்முடிச்சுகள்;
விட மனமில்லாத எறும்புகள் முழங்கை வரை வந்தன.
மொட்டைக் கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி
பெட்டிக்குள் சாய்த்தேன்.
தலைமாட்டில் வேர், கால்மாட்டில் நுனி.
கண்ணாடி மூடி. நாலு டிகிரி.
நோட்டில் வரவு: பதினொன்று, இருபத்துநாலு, முப்பத்தொன்று.

பிறகு போன் வந்தது, பள்ளத்தூரிலிருந்து.
அதன் பிறகு கண்டனூர்.
மார்கழி எனக்கும் பீச்சுக்கும் ஒரே சீசன்.
ஒவ்வொரு முறையும் செடி வெளியே,
கிணற்று நிழலில், ஈரத்துணி போர்த்தி.
சூடு பட்டால் சேர்ந்த குளிரும் கரையுமாம்.
வட்டிக்கணக்கில் வளர்ந்த பக்கம் இது,
சொன்னால் இங்கே யாருக்கும் புரியும்.

தொண்ணூற்றுநாலாவது மணியில்
ஃபிட்டர் சவரிமுத்து இறந்தார்.
மகன் இன்னாசி ஷார்ஜாவிலிருந்து வந்து குனிந்தபோது
தட்டின் மூலையில் ஒரு சிட்டிகை செம்மண்,
ஒரு குச்சி.
என்ன இது என்றான்.
பொய் சொல்லத் தெரியும், இந்தத் தொழிலில் அது பாதி.
செடி என்றேன்.
அதுக்கு எத்தனை டிகிரி?
நாலு.
அப்பாவுக்கு?
நாலுதான்.

பெட்டி திரும்பியது.
வாடகையில் இரண்டு நாள் காசு அதிகம்.
திருப்பிக் கொடுக்கப் போனால் கதவு பூட்டியிருந்தது.
டெட்டால் போட்டு இரண்டு தடவை கழுவி
செடியைக் கிடத்தினேன்.
நூற்றுநாற்பத்திரண்டில் அடுத்த போன்.
மீதி எட்டை மரம் தள்ளுபடி செய்தது.

மாசியில், இலை ஒன்றும் இல்லாத
போன வருஷத்துக் குச்சியில்
இருபத்துமூன்று பூ.
ரோஸ் என்று சொல்லலாம்,
ஈறு நிறம் என்பதே சரி.
துணைக்கு இன்னொரு மரம் கேட்காத ரகம்,
தன் தூளே தனக்குப் போதும்.
பத்தொன்பது பிஞ்சு. சாணுக்கு ஒன்றாக நாலை விட்டு
மற்றதைக் கிள்ளினேன்.
கை கூசியது, ஆனால் கிள்ளினேன்.
பழ ஈக்குப் பயந்து நாலுக்கும்
பழைய சாக்ஸ் மாட்டினேன்.

எழுபத்தெட்டு நாள். சித்திரை.
இரண்டு அணிலுக்கு, சாக்ஸோடு.
ஒன்று ரைஸ்மில் வாசலில் பழகிய ஒருத்திக்கு.
கடைசியைப் படமெடுத்து ஷார்ஜாவுக்கு அனுப்பினேன்:
பெரிய எலுமிச்சை அளவு,
ஒரு கன்னம் சிவப்பு, மேலெல்லாம் பூனைமயிர்.
இரவு பதில் வந்தது:
தோல் சீவணுமா?
வேண்டாம், துடைத்தால் போதும் என்று எழுதிவிட்டு
நின்றபடியே தின்றேன்.
மஞ்சள் சதை. முதலில் புளிப்பு,
முழங்கையில் வழிந்த பிறகு இனிப்பு.
கொட்டையை விட்டுப் பாதிதான் பிரிந்தது.

அந்தக் கொட்டை இப்போது ஈரமணலில்,
வீட்டு ஃபிரிஜ்ஜில், தோசைமாவுக்குப் பக்கத்தில்.
அதற்கும் குளிர்க் கணக்கு உண்டு.
வேறு நோட்டு போட்டிருக்கிறேன்.